பனிச்சறுக்குக் கிளவுஸைக் கழுவுவதும் காயவைப்பதும்

பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் கையுறையைப் பற்றிச் சொல்லும் குறைகள் பெரும்பாலும் மூன்றுதான். புதிதில் நன்றாக இருந்தது, இப்போது தண்ணீர் உள்ளே வருகிறது என்பது முதல் குறை. நாற்றம் இரண்டாவது. தோல் விறைத்துப் போய் விரலை மடக்க முடியவில்லை என்பது மூன்றாவது. ஆனால் உண்மையிலேயே ஓட்டை விழுந்த கையுறைகள் குறைவு. பெரும்பாலானவை அழுக்கேறியதாலும், தப்பாகக் காயவைத்ததாலும் கெட்டவை. கழுவுவதில் நடக்கும் தவறுகளைவிடக் காயவைப்பதில் நடக்கும் தவறுகள்தான் அதிகக் கையுறைகளைக் கெடுக்கின்றன என்பது என் கணிப்பு. அதனால் இந்தக் கட்டுரையில் உலர்த்துவதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

அதற்கு முன் கையுறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அது தெரிந்துவிட்டால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

உள்ளே இருக்கும் அடுக்குகள்

வெளியே தெரிவது மேலுறை. நைலான், பாலியெஸ்டர் போன்ற துணியாக இருக்கும், அல்லது ஆட்டுத்தோல், மாட்டுத்தோலாக இருக்கும். புறங்கைப் பக்கம் துணியும் உள்ளங்கைப் பக்கம் தோலுமாகக் கலந்து தைத்தவைதான் கடைகளில் அதிகம். விலை குறைந்தவற்றில் உள்ளங்கையில் இருப்பது தோலே அல்ல. பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல்.

மேலுறைக்கு அடியில், தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு. கோர்-டெக்ஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1969-இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருளை வேகமாக இழுத்து நீட்டியபோது, அது நுண்துளைகள் நிறைந்த படலமாக மாறுவதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்ததுதான் இந்தச் சவ்வு. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 900 கோடித் துளைகள் இருப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. தண்ணீர்த் துளி புக முடியாத அளவுக்குச் சின்னத் துளைகள், ஆனால் வியர்வை ஆவியாகி வெளியேறப் போதுமானவை. மற்ற நிறுவனங்களின் சவ்வுகள் வேறு பொருளில் செய்யப்பட்டிருந்தாலும் நோக்கம் அதேதான்.

சவ்வுக்கு உள்பக்கம் குளிர் காக்கும் பஞ்சு. பிரைமாலாஃப்ட், தின்சுலேட் என்று லேபிளில் போட்டிருப்பது இதைத்தான். பிரைமாலாஃப்ட் 1980-களில் அமெரிக்க ராணுவத்துக்காக, நனைந்தாலும் சூடு காக்கும்படி, பறவை இறகுக்கு மாற்றாக உருவாக்கப்பட்டது. கடைசியாகக் கையைத் தொடும் உள்துணி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஜாக்கெட்டில் சவ்வு பெரும்பாலும் வெளித்துணியோடு ஒட்டியே இருக்கும். கையுறையில் பெரும்பாலும் அப்படி இல்லை. ஐந்து விரலுக்கும் சேர்த்துச் செய்த ஒரு பை மாதிரி, மேலுறைக்கும் பஞ்சுக்கும் நடுவில் செருகப்பட்டிருக்கும். ஆகவே சவ்வு கொஞ்சமும் கெடாமலே மேலுறை மட்டும் தண்ணீரைக் குடித்து ஊறிப்போகலாம். மணிக்கட்டு வழியாக உள்ளே போன தண்ணீரோ, அந்தப் பையில் மாட்டிக்கொண்டு வெளியேற வழியில்லாமல் நிற்கும். கழுவும்போதும் காயவைக்கும்போதும் இந்த இரண்டையும் மறக்கக் கூடாது.

"தண்ணீர் உள்ளே வருகிறது" என்பதன் உண்மை

புதுக் கையுறையின் துணி மேல் தண்ணீர் விட்டால், தாமரை இலையில் போல உருண்டு ஓடிவிடும். இது சவ்வு செய்யும் வேலை அல்ல. ஆலையிலேயே துணியின் இழைகளுக்கு மேல் தண்ணீரை விலக்கும் பூச்சு ஒன்று ஏற்றியிருக்கிறார்கள். வியர்வை, கை எண்ணெய், முகத்தில் பூசிய சன்ஸ்கிரீன், சரிவின் உச்சிக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் லிஃப்டின் கிரீஸ், பனிச்சறுக்குக் கட்டையில் தேய்த்த மெழுகு எல்லாம் துணியில் படியப் படிய, அந்தப் பூச்சு வேலை செய்வதை நிறுத்துகிறது. தண்ணீர் உருளாமல் பரவுகிறது. துணி ஊறுகிறது.

ஊறிய துணி கனக்கும், காற்றில் சில்லிட்டுப் போகும். அதைவிட முக்கியம், சவ்வின் வெளிப்பக்கம் தண்ணீரால் மூடிக்கொள்வதால் உள்ளே இருக்கும் வியர்வை ஆவி வெளியேற வழி குறைகிறது. உடலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் உள்ளங்கையும் ஒன்று. சரிவில் இறங்கும்போது கை வியர்க்கும். லிஃப்டில் உட்கார்ந்து மேலே போகும்போது அந்த ஈரம் குளிரும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். கை ஈரமாகவும் ஜில்லென்றும் இருப்பதால், கையுறை ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். உள்ளே இருப்பது பல நேரம் நம் வியர்வைதான்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த கையுறையின் புறங்கைத் துணியில் சில துளி தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. கருப்புத் திட்டாகப் பரவினால் கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டது. உள்ளங்கைத் தோலில் துளி உடனே உறிஞ்சப்பட்டால் அதற்கு மெழுகு வேண்டும்.

ஒவ்வொரு நாளும் மாலையில்

கையுறைப் பராமரிப்பில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. உணவகத்துக்குள்ளோ அறைக்குள்ளோ நுழையும் முன், வெளியில் நிற்கும்போதே இரண்டு கையுறைகளையும் ஒன்றோடொன்று தட்டிப் பனியை உதிர்த்துவிடுங்கள். பனி பனியாக இருக்கும்வரை அது தூசி மாதிரி உதிர்ந்துவிடும். சூடான அறைக்குள் கொண்டுபோய்விட்டால் தண்ணீராகித் தையல் வழியாக இறங்கும். கனடாவின் விஸ்லர் போலக் கடலுக்கு அருகில் இருக்கும் மலைகளில் பனியே ஈரப்பதத்தோடு விழும், அங்கே இதில் இன்னும் கவனம் வேண்டும்.

சாப்பிடும்போது கையுறையை மேசைக்கு அடியில் ஈரத் தரையில் போடாதீர்கள். மணிக்கட்டுப் பட்டை இருந்தால் அதில் தொங்கவிடலாம், இல்லையென்றால் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளலாம். திரும்பப் போடும்போது கை காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கையை உள்ளே நுழைத்து வெளியே இழுத்தால் உள்துணி கையோடு ஒட்டிக்கொண்டு விரல்களிலிருந்து உருவி வந்துவிடும். அதைத் திரும்ப ஒவ்வொரு விரலாகச் சேர்ப்பது பெரும்பாடு. சில கையுறைகளில் அதைச் சரியாக்கவே முடியாது. கழற்றும்போதும் மணிக்கட்டைப் பிடித்து மொத்தமாக இழுக்காமல், விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்றுவது நல்லது.

இனி உலர்த்துதல். மலை ஊர்களில் எல்லோரும் செய்வது, ஹீட்டர் மேலோ கணப்பு அடுப்புக்குப் பக்கத்திலோ வைப்பது. காலையில் கையுறை சூடாக, காய்ந்து இருக்கும், சுகமாகவும் இருக்கும். ஆனால் தோலுக்கு அது பெரிய கேடு. தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். பதனிடும்போது அந்த நார்களுக்கு நடுவில் கொழுப்பு ஏற்றுகிறார்கள். நார்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி அசைய உதவுவது அதுதான். ஈரத் தோலை அதிகச் சூட்டில் வைத்தால் தண்ணீர் வேகமாக வெளியேறும்போது நார்கள் நெருங்கிச் சேர்ந்து ஒட்டிக்கொள்கின்றன, தோல் சுருங்கி விறைக்கிறது. காய்ந்த தோலைவிட ஈரத் தோல் மிகக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும். ஒருமுறை அப்படிச் சுருங்கியதை எந்த எண்ணெயும் முழுமையாகத் திருப்பிக் கொண்டுவராது. துணிக் கையுறையிலும் நிம்மதி இல்லை. உள்ளே அடுக்குகளைப் பிடித்திருக்கும் பசை இளகும், சவ்வு விலகும்.

சரியான வழி மெதுவானது. அறைச் சூட்டில், காற்று ஓடும் இடத்தில், மணிக்கட்டு நன்றாக விரிந்திருக்கும்படி வையுங்கள். முதலில் தண்ணீர் வடிய வேண்டுமென்றால் விரல்கள் மேல்நோக்கியும் வாய் கீழ்நோக்கியும் இருக்கட்டும். உள்ளே சவ்வுப் பையில் நிற்கும் தண்ணீர் இறங்க அது ஒன்றுதான் வழி. பிறகு ஒரு சின்ன மேசை மின்விசிறியின் காற்று கையுறையின் வாய்க்குள் போகும்படி வைத்தால் ஒரே இரவில் பெரிய வித்தியாசம் தெரியும். சூடு வேண்டாம், காற்று போதும். பனிச்சறுக்கு விடுதிகளில் பூட்ஸ் அறையில் குழாய் குழாயாக நிற்கும் உலர்த்திகள் இதைத்தான் செய்கின்றன. வெதுவெதுப்பான காற்றை உள்ளிருந்து ஊதுகின்றன. அவை தாராளமாகப் பயன்படுத்தத் தக்கவை. எதுவும் கிடைக்காத இடத்தில் செய்தித்தாளைச் சுருட்டி ஒவ்வொரு விரலுக்குள்ளும் திணித்து, ஊறியதும் மாற்றிக்கொண்டே இருக்கலாம். கையுறைக்குள் கழற்றக்கூடிய உள்ளுறை இருந்தால் கட்டாயம் வெளியே எடுத்துத் தனியாகக் காயப்போடுங்கள்.

தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், பஞ்சுக்குள் ஈரம் நிற்கும். தடித்த கையுறை முழுதும் ஊறிவிட்டால் அறைச் சூட்டில் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் பிடிக்கும். ஒரு வாரம் தொடர்ந்து சறுக்கப் போகிறவர்கள் இரண்டு ஜோடி எடுத்துப் போவதற்குக் காரணம் இதுதான்.

துணிக் கையுறையைக் கழுவுதல்

உள்ளே தைத்திருக்கும் லேபிளை முதலில் பாருங்கள். தொட்டியில் கை வைத்த படம் இருந்தால் கையால் அலசலாம். தொட்டி மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரில் முக்கக் கூடாது. சதுரத்துக்குள் வட்டம் போட்டு அதை அடித்திருந்தால் டிரையர் ஆகாது. முக்கோணத்தை அடித்திருந்தால் பிளீச் ஆகாது. பேட்டரி வைத்துச் சூடேற்றும் கையுறை என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த நிறுவனம் சொன்ன முறையை விட்டு இம்மியும் விலகாதீர்கள்.

மெஷினில் போடலாம் என்று லேபிள் சொன்னாலும் நான் கையால் கழுவுவதையே சொல்வேன். மெஷின் சுற்றும்போது உள்துணியும் சவ்வும் வெவ்வேறு பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

வெதுவெதுப்பான தண்ணீர், 30 டிகிரி போதும். சாதாரணச் சோப்புத் தூள் வேண்டாம். அதில் இருக்கும் நுரைப்பொருளும் வாசனைப் பொருளும் துணியில் தங்கி, தண்ணீரை விலக்குவதற்குப் பதிலாக இழுக்கும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் அதைவிடக் கெடுதல். இழைகளின் மேல் ஒரு படலமாகவே படிந்துவிடும். நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ் போன்ற நிறுவனங்கள் நீர்ப்புகா உடைகளுக்கென்றே கழுவும் திரவம் விற்கின்றன. ஒரு பாட்டில் வாங்கினால் ஜாக்கெட்டுக்கும் ஆகும்.

எளிதான உத்தி ஒன்று உண்டு. கையுறையைக் கையில் மாட்டிக்கொண்டு, கை கழுவுவது போலவே இரண்டையும் திரவத்தில் தேய்த்துக் கழுவுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது கைக்குத் தெரியும், விரல் இடுக்குகளும் விட்டுப்போகாது. மூக்கைத் துடைக்கும் கட்டைவிரல் பக்கத்தை மென்மையான பிரஷ்ஷால் ஒரு தடவை தேய்க்கலாம். உள்பக்கம் நாற்றம் இருந்தால் மட்டும் உள்ளே திரவம் விட்டு அலசுங்கள். உள்ளே ஈரமாகாவிட்டால் காய்வது பாதி வேலைதான்.

அலசுவதில் பொறுமை வேண்டும். நுரை சுத்தமாக நிற்கும்வரை தண்ணீர் மாற்றுங்கள்; மிச்சம் இருக்கும் சோப்பு, அழுக்கைவிட அதிகமாகத் தண்ணீரை இழுக்கும். பிறகு விரல் நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கி அழுத்தி அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுங்கள். துணி பிழிகிற மாதிரி முறுக்கக் கூடாது, உள்ளே சவ்வின் தையல் விட்டுவிடும். கழுவும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பவும் முயல வேண்டாம். ஒரு துண்டில் சுற்றி அழுத்தி, பிறகு மேலே சொன்னபடி காயவையுங்கள்.

காய்ந்த பிறகும் தண்ணீர் உருளவில்லையா? முதலில் கொஞ்சம் சூடு காட்டிப் பாருங்கள். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து, தள்ளிப் பிடித்து, துணிப் பகுதி மேல் ஓட்டினால் களைத்துப் போன பூச்சு பல நேரம் திரும்ப உயிர்பெறும். ஈரக் கையுறைக்குத்தான் சூடு ஆகாது என்றேன். இது காய்ந்த துணிக்கு, சில நிமிடங்களுக்கு. அதற்கும் மசியாவிட்டால் மேலே தெளிக்கும் வகைப் பூச்சு வாங்குங்கள். தண்ணீரில் கலந்து ஊறவைக்கும் வகை கையுறைக்குப் பொருந்தாது. அது உள்துணியிலும் ஏறி, வியர்வையை உறிஞ்ச வேண்டிய துணியையே தண்ணீர் ஒட்டாததாக்கிவிடும்.

பழைய பூச்சுகள் தண்ணீரோடு எண்ணெயையும் விலக்கின. அவற்றில் இருந்த ஃபுளோரின் சேர்மங்கள் இயற்கையில் சிதையாமல் தங்குவதால் பல நாடுகள் அவற்றைக் கட்டுப்படுத்தி வருகின்றன. கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 2025 ஜனவரியிலிருந்து, சில விலக்குகளோடு, புதிய ஆடைகளில் அவற்றுக்குத் தடை இருக்கிறது. இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் ஃபுளோரின் இல்லாத புதிய பூச்சுகள் தண்ணீரை நன்றாக விலக்குமே தவிர எண்ணெயை அவ்வளவாக விலக்குவதில்லை. அதனால் புதுக் கையுறை வாங்கியவர்கள், பழையதைவிட அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும்.

தோல் கையுறைக்கு வேறு நியாயம்

தோலைத் தண்ணீரில் முக்குவது கடைசி வழி. ஈரத் துணியால் துடைத்தாலே பெரும்பாலான அழுக்கு போய்விடும். வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடாக உப்புப் பூத்திருந்தால், தண்ணீரில் துளி வினிகர் கலந்து துடைக்கலாம். துணி சோப்பு காரத்தன்மை உள்ளது, பதனிட்ட தோல் சற்றே அமிலத்தன்மை உள்ளது; சோப்பு போட்டால் தோலில் இருக்கும் கொழுப்பும் அழுக்கோடு சேர்ந்து போய்விடும்.

போன கொழுப்பைத் திரும்பக் கொடுப்பதுதான் தோல் பராமரிப்பின் சாரம். தேன்மெழுகு கலந்த களிம்பு இதற்கு நல்லது. 1936 முதல் கையுறை செய்துவரும் ஸ்வீடனின் ஹெஸ்ட்ரா நிறுவனம் தன் தோல் களிம்பையும் சேர்த்தே விற்கிறது. அமெரிக்காவில் லிஃப்ட் இயக்குபவர்களும் மலை மீட்புக் காவலர்களும் விரும்பி அணிவது ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த கின்கோ நிறுவனத்தின் பன்றித்தோல் வேலைக் கையுறை. விலை குறைவு, நீர்ப்புகாச் சவ்வும் கிடையாது. அதை லேசாகச் சூடாக்கி, ஸ்னோ-சீல் என்ற தேன்மெழுகுக் களிம்பைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றி, பல பருவங்கள் ஓட்டுகிறார்கள். சமையல் ஓவனில் வைத்துச் சூடாக்குபவர்களும் உண்டு. சவ்வும் பசையும் உள்ள விலை உயர்ந்த கையுறையில் அதைச் செய்யக் கூடாது. உள்ளங்கைச் சூடே போதும்: காய்ந்த, சுத்தமான தோலில் களிம்பை விரலால் மெல்லிசாகத் தடவுங்கள், தையல்களில் கூடுதலாக. ஒரு இரவு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தடியாக அப்பினால் தோல் மூச்சு விடாது, சறுக்கும்போது பிடிக்கும் கைத்தடியும் வழுக்கும். தொடர்ந்து சறுக்குகிறவர்களுக்குப் பருவத்தில் இரண்டு மூன்று தடவை போதும்.

நம் வீடுகளில் கைக்கு உடனே கிடைப்பது தேங்காய் எண்ணெய். தயவுசெய்து வேண்டாம். அது தோலைத் தாண்டிப் பஞ்சு வரை இறங்கிவிடும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகிற எண்ணெயால் பனிமலையில் என்ன பயன்? ஷூ பாலிஷும் வேண்டாம், அதன் சாயம் ஜாக்கெட்டிலும் முகத்திலும் ஒட்டும்.

நாற்றம், கிழிசல், கோடைக்கால வைப்பு

நாற்றம் பாக்டீரியாவால் வருவது. பாக்டீரியாவுக்கு ஈரம் வேண்டும். எனவே மருந்து, தினமும் முழுதாகக் காயவைப்பதுதான். வாசனைத் திரவியம் அடிப்பது வீண். மெரினோ கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ செய்த மெல்லிய உள்கையுறை ஒன்று போட்டுக்கொண்டால் வியர்வையும் எண்ணெயும் அதிலேயே தங்கிவிடும். அதைத் தினமும் துவைத்துக் காயப்போடலாம். இவ்வளவு சின்னச் செலவில் இவ்வளவு பலன் தரும் வேறு பொருள் இந்த விஷயத்தில் எனக்குத் தெரியவில்லை.

கிழிசல் பெரும்பாலும் சறுக்குக் கட்டையின் எஃகு விளிம்பால் வருவது. கட்டையைச் சுமக்கும்போது விளிம்பைப் பிடிக்காமல் தட்டையான பக்கத்தைப் பிடித்தாலே பாதி தவிர்க்கலாம். நியூசிலாந்தின் கிரெய்கிபர்ன் போன்ற, சங்கங்கள் நடத்தும் பனிச்சறுக்கு மைதானங்களில் கயிற்றைப் பிடித்து மேலே போகும் லிஃப்டுகள் உண்டு. ஓடும் கயிறு உள்ளங்கையைத் தேய்த்துவிடும் என்பதால், அங்கே கையுறைக்கு மேல் தனியாகத் தோல் உறை மாட்டிக்கொள்கிறார்கள். தையல் பிரிந்தால் உடனே மெழுகு நூலால் தைத்துவிடுங்கள். ஊசி சவ்வைக் குத்தாமல் மேலுறையை மட்டும் பிடிக்க வேண்டும். தைத்த இடத்தில் பாலியூரித்தேன் பசை ஒரு பூச்சு.

பருவம் முடிந்ததும் கழுவி, முழுதாகக் காயவைத்து, தோலுக்குக் களிம்பு தடவி, அழுத்தாமல் துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். டொரொண்டோவிலோ சூரிச்சிலோ இருப்பவர்களுக்கு இது போதும். காஷ்மீரின் குல்மார்குக்கோ உத்தராகண்டின் ஆலிக்கோ வருடத்துக்கு ஒருமுறை போய்விட்டுச் சென்னை, சிங்கப்பூர் அலமாரியில் கையுறையை வைப்பவர்களுக்கு மட்டும் கூடுதல் வேலை இருக்கிறது. அந்த ஈரக்காற்றில் தோல் பூஞ்சை பிடிக்கும். செயற்கைத் தோலாக இருந்தால் அதன் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தாலும் வெப்பத்தாலும் மெல்ல மெல்லச் சிதைந்து, சும்மா வைத்திருந்தாலே செதில் செதிலாக உதிரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை விரல்களுக்குள் போட்டு, கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் மூடி போட்ட உலர் பெட்டியில் வைத்தால் கையுறை தப்பிக்கும். பெட்டி இல்லையென்றால் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, நேர் வெயில் படாமல் மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் வைத்து, பொட்டலங்களை மாற்றுங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் காய்ந்த துணியால் வீட்டுக்கு வெளியே நின்று துடைத்து, வினிகர் கலந்த தண்ணீரால் ஒருமுறை துடைத்து, காயவைத்து, மறுபடியும் களிம்பு தடவ வேண்டும்.